முறுமுறுப்புக்கு ஒரு நோன்பு

கிள்ளான்,
லெந்து இரண்டாம் வாரம், செவ்வாய்.

என் அன்புள்ள மலர்விழிக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடும் மகள் பெனிட்டாவோடும் மருமகனோடும் நம் பேரன் ஜோயலோடும் தங்கியிருக்கட்டும். இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் சுகமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

கைப்பேசி இருக்கும்போது இந்த மனிதர் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். முதல் காரணம், உன்னோடு தனியாக நாலு வார்த்தை பேச வழியே இல்லை. கூப்பிட்டால் பெனிட்டா எடுக்கிறாள். எடுத்ததும் ஸ்பீக்கரில் போடுகிறாள். கேமராவைக் குழந்தையின் பக்கம் திருப்புகிறாள். நான் அரைமணி நேரம் ஜோயலின் உள்ளங்காலைப் பார்த்துப் பேசிவிட்டு வைக்கிறேன். அழகான கால்தான். ஆனால் நான் கல்யாணம் செய்தது அந்தக் காலை அல்ல.

இன்னொரு காரணம் நம் புதுப் பாஸ்டர் பிரவின். இந்த லெந்து நோன்பு நாட்களில் இறைச்சியை விட வேண்டாம், முறுமுறுப்பை விடுங்கள் என்று சபைக்கே சொல்லிவிட்டார். உயிர்த்தெழுந்த ஞாயிறு வரை குறை சொல்லக் கூடாது, சலித்துக்கொள்ளக் கூடாது, உச்சுக் கொட்டக்கூடக் கூடாது. நல்ல மனப்பான்மையைப் பல் துலக்குவதுபோல் தினமும் பழக வேண்டுமாம். வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்கள் முறுமுறுத்தே காலத்தைக் கழித்த கதையை ஒரு மணி நேரம் பிரசங்கித்தார். கண் முழுக்க என் பெஞ்சின் மேலேயே இருந்தது. அவர் பொதுவாகத்தான் சொன்னார் என்று நீ சமாதானம் சொல்வாய். சபையே திரும்பி என்னைப் பார்த்தது, மலர்.

நோன்பு இருக்கிற வீட்டுக்கு அடையாளமாகக் கிரில் கதவில் ஊதா நாடா ஒன்றைக் கட்டச் சொன்னார். நம் அடுக்குமாடி புளோக்கில் உள்ள சபைக் குடும்பங்கள் எல்லாரும் கட்டியாயிற்று. தரைத்தள வீட்டு நூர்ஜஹான் இது என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவர்களுக்கும் இப்போது நோன்பு மாதம் அல்லவா, நோன்புக் கஞ்சியைக் கையில் கொடுத்துக்கொண்டே, "எங்க நோன்பாச்சும் பொழுது சாஞ்சு மக்ரிபுக்கு முடிஞ்சிடும் அண்ணே, உங்களோடது ராத்திரியும் உண்டா?" என்று சிரித்தாள்.

வாயால் முறுமுறுக்கக் கூடாது என்றுதான் பாஸ்டர் சொன்னார். பேனாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை நீ கேட்ட கறித்தூளும் இடியாப்ப அச்சும் வாங்க பிரிக்பீல்ட்ஸ் போனேன். கொமுட்டர் ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. ஏர்கானும் நின்றது. பெட்டி முழுக்க ஜனம் புலம்பியது. நான் மட்டும் புன்னகையோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர், "அங்கிளுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். கடைக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே இருந்த பெண் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே முறுக்கு அச்சை எடுத்துப் பையில் போட்டாள். மாற்றிக் கேட்டால் குறை சொன்னதாகிவிடுமோ என்று நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு உனக்கு வருவது முறுக்கு அச்சு. அதில் இடியாப்பம் பிழிய முடியுமா என்று பார்.

முழங்காலுக்கு வருகிறேன். லிஃப்ட் நின்றுவிட்டது. இரண்டில் ஒன்று எப்போதோ செத்தது உனக்குத் தெரியும். இப்போது மிச்சமிருந்ததும் போயிற்று. ஒன்பதாம் மாடிக்கு நடந்துதான் ஏறுகிறேன். வேறு சமயமாக இருந்தால் மறுநாள் காலையிலேயே மேனேஜ்மென்ட் ஆபீஸில் நின்றிருப்பேன். துறைமுகத்தில் கிரேன் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே வேலை பார்த்த தொண்டை. அங்கே இருக்கும் சபாபதிக்கு என் செருப்புச் சத்தம் கேட்டாலே வியர்க்கும். இப்போது அவனைப் பார்த்தால் குட் மார்னிங் சொல்லிவிட்டுப் போகிறேன். அவன் இன்னும் அதிகமாகப் பயப்படுகிறான்.

ஏழாம் மாடி நல்லம்மாள் அக்காவை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவர். மகள் தாமரை மேரு பக்கத்துத் தொழிற்சாலை வேலைக்கு விடிவதற்குள் கிளம்பிவிடுகிறாள். சக்கர நாற்காலியைப் படியில் உருட்ட முடியுமா? யாராவது கைகொடுத்து இறக்குகிறார்கள் போலும். நேற்று ஏறி வரும்போது கிரிலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். "லிஃப்ட் எப்ப தம்பி ஓடும்?" என்று கேட்டார். "பொறுமையா இருங்கக்கா, எல்லாம் நன்மைக்குத்தான்" என்றேன். எவ்வளவு இனிமையாகப் பேசிவிட்டேன் என்று எனக்கே ஆச்சரியம். பாஸ்டரிடம் இதைச் சொன்னதற்கு, வருகிற ஞாயிறு எழுந்து நின்று சாட்சி சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

கடைசியாக ஒன்று. விசாவை நீட்டித்து இன்னும் மூன்று மாதம் இருக்கட்டுமா என்று அன்றைக்குக் கேட்டாய். ஸ்பீக்கரில், மகள் பக்கத்தில், மருமகன் சாப்பாட்டு மேசையில். "உன் இஷ்டம்" என்றேன். நீயும் "சரிங்க" என்றாய். அந்தச் சரிங்க எனக்குப் பிடிக்கவில்லை. பெனிட்டா வேலைக்குத் திரும்ப வேண்டும், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும், எல்லாம் எனக்குப் புரிகிறது. இதில் நான் வாய் திறந்தால் அது முறுமுறுப்பில்தான் போய் நிற்கும். அதனால் இதைப் பற்றி மட்டும் பேனாவாலும் எழுதப் போவதில்லை. இந்த மாதம் முடிவதற்குள் மகளுக்கும் மருமகனுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்றாயே, யோசித்து நல்ல முடிவாக எடு.

நம் சபைப் பையன் ஒருவன் மெல்பர்னுக்குப் படிக்கப் போகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் பொறுமையுள்ள கணவன்,
ஜெயராஜ்

(பொறுமையுள்ள என்பதைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரிக்காதே. குழந்தை எழுந்துவிடும்.)


கிள்ளான்,
லெந்து மூன்றாம் வாரம், வியாழன்.

மலர்,

அந்தப் பையனின் பயணம் ஒரு வாரம் தள்ளிப் போயிற்று. முதல் கடிதம் இன்னும் மேசையிலேயே கிடக்கிறது. கிழித்துப்போடலாம் என்று எடுத்தேன், மனம் வரவில்லை. அதையும் சேர்த்தே அனுப்புகிறேன். அதை எழுதிய ஆள் எப்பேர்ப்பட்ட மடையன் என்பதை நீயே படித்துத் தெரிந்துகொள்.

ஞாயிற்றுக்கிழமை நான் சாட்சி சொன்னேன். போன பிறந்தநாளுக்கு நீ எடுத்துத் தந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முன்னால் போய் மைக்கைப் பிடித்து, எங்கள் புளோக்கில் லிஃப்ட் ஓடாமல் கிடக்கிறது, முன்பென்றால் நான் ஆபீஸை இரண்டாக்கியிருப்பேன், இந்த முறை கர்த்தருடைய கிருபையால் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றேன். சபை கை தட்டியது. உன் பாட்டுக் குழுப் பெண்கள் அல்லேலூயா சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. ஆராதனை முடிந்து பின்னால் மீகூன் சாப்பிடும்போதுகூட நாலு பேர் வந்து தோளைத் தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தால் புளோக் வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. நல்லம்மாள் அக்காவைப் படிக்கட்டு வழியாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்ட்ரெச்சரைச் சாய்த்து, நிமிர்த்தி, மூச்சு வாங்கி, மறுபடியும் சாய்த்து. அக்காவின் முகம் ஊதிப் போயிருந்தது. மூச்சுக்குத் திணறினார். பின்னால் தாமரை அம்மாவின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே இறங்கினாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நூர்ஜஹான்தான். நோன்போடு அத்தனை மாடி ஏறிப் போயிருக்கிறாள். நான் வெள்ளைச் சட்டையோடும் வேதப்புத்தகத்தோடும் ஓரமாக ஒதுங்கி வழி விட்டேன். அது ஒன்றுதான் என்னால் செய்ய முடிந்தது.

நடந்தது இதுதான். லிஃப்ட் நின்ற முதல் நாள் இரண்டு பேர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கியிருக்கிறார்கள். திரும்பி ஏற்றும்போது வழியில் ஒருமுறை நாற்காலி நழுவியதாம். அதற்குப் பிறகு, ஒரு பீரோவைத் தூக்குவதுபோல் தன்னை யாரும் தூக்க வேண்டாம் என்று அக்கா முடிவு செய்துவிட்டார். மகளிடம், பக்கத்து வீட்டுக்காரர்கள் இறக்கிவிட்டார்கள், போய் வந்துவிட்டேன் என்று பொய் சொல்லியிருக்கிறார். தாமரை ஓவர்டைம் முடிந்து களைத்து வருகிற பெண், நம்பிவிட்டாள். அக்கா அந்த நாட்களில் சிகிச்சைக்கே போகவில்லை. நான் தினமும் இருமுறை அந்தக் கதவைத் தாண்டிப் போனேன். யார் இறக்குகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்து லிஃப்டைப் பற்றிப் பேச வேண்டி வரும், பேசினால் நோன்பு கெடும்.

திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம், அக்கா பிழைத்துக்கொண்டார். பேசுகிறார். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். அவரே பேச்சை எடுத்தார். "உங்க மேல வருத்தம் இல்ல தம்பி. எப்பவும் ரெண்டு நாள்ல கீழ உங்க சத்தம் கேக்கும், மூணாவது நாள் லிஃப்ட் ஓடும். அதான் நானும் கேட்டுக்கிட்டே இருந்தேன்" என்றார்.

மலர், நான் கத்த ஆரம்பித்தால் நீ ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாய். அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்பாய். இங்கே ஒரு பெண் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. எதன் மேல் என்று தெரியாத கோபம், இன்னும் அடங்கவில்லை.

அங்கிருந்து நேராகச் சபாபதியிடம் போனேன். உள்ளே நுழைந்த நுழைப்பிலேயே அவன் எழுந்து நின்றுவிட்டான். நான் பேசியதை இங்கே எழுத முடியாது, பேரன் பெரியவனாகிப் படித்தாலும் படிப்பான். அவன் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். "என்ன அங்கிள், இந்தத் தடவ உங்க புளோக்குலேர்ந்து ஒரு கம்ப்ளைன்கூட வரல. யாருக்கும் அவ்வளவு அவசரம் இல்ல போலன்னு நாங்களும் கொஞ்சம் விட்டுட்டோம் லா" என்றான். வேலையில் சோம்பேறி, பதிலில் கெட்டிக்காரன். அவன் மேல் எனக்கு ஆத்திரம்தான். ஆனால் அவன் சொன்னது உண்மை. ஊதா நாடா கட்டிய வீடு ஒவ்வொன்றும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது. மற்ற வீட்டுக்காரர்கள், கத்துவதற்குத்தான் ஜெயராஜ் இருக்கிறாரே என்று இருந்துவிட்டார்கள். மறுநாள் ஆள் வந்தான், சாயங்காலம் லிஃப்ட் ஓடியது. அவ்வளவு சுலபமாக ஆகிற காரியம் அது. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அன்று மாலை பாஸ்டர் வந்தார். லிஃப்ட் ஓடுகிறது என்று தெரியாமல் படியேறி வந்து, உட்கார்ந்ததும் பேச முடியாமல் மூச்சிரைத்தார். நான் காத்திருக்கவில்லை. உங்கள் நல்ல மனப்பான்மை ஒரு பெண்ணை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டது என்று கத்தினேன். நியாயம் கேட்டு நியாயாதிபதியை விடாமல் நச்சரித்த விதவையைப் பற்றி ஆண்டவரே கதை சொன்னாரே, சும்மா இரு அம்மா, நல்ல மனப்பான்மையோடு இரு என்றா சொன்னார், அவளை மெச்சித்தானே பேசினார் என்று கேட்டேன். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்டிருக்கும். ஜன்னலைச் சாத்த நீ இல்லை.

பாஸ்டர், "நீங்க சாட்சி சொன்னப்ப மொத மொத கை தட்டினது நான்தான் அங்கிள்" என்றார். பிறகு அவர் கண் கலங்கியது. அந்தப் பையனுக்கு நம் பெனிட்டாவின் வயதுதான் இருக்கும். திட்டிக்கொண்டே தேநீர் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து அக்காவுக்காக ஜெபித்தோம். அதன்பின் கீழே போய், தாமரை வேலைக்குப் போகிற நாட்களில் யார் அக்காவோடு சிகிச்சைக்குப் போவது என்று நாலு வீட்டில் கேட்டோம். ஊதா நாடா வீட்டிலும் கேட்டோம், நாடா இல்லாத வீட்டிலும் கேட்டோம். ஆள் கிடைத்தது. இதைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

பாஸ்டர் போன பிறகு நான் யோசித்தேன். முறுமுறுப்பை விடச் சொன்னது தப்பில்லை, மலர். அது எனக்கு வேண்டியதுதான். ஆபீஸுக்குப் போகாமல் மாடிப்படியில் நின்றுகொண்டு ஊரைத் திட்டுவேனே, ரயிலைத் திட்டுவேனே, உன் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே குறை சொல்வேனே, அதெல்லாம் போகட்டும். போனால் வீடு அமைதியாக இருக்கும். ஆனால் கேட்க வேண்டிய இடத்தில், கேட்க வேண்டியவர் முகத்தைப் பார்த்து, இது சரியில்லை, எனக்கு இது வேண்டும் என்று சொல்வதையும் சேர்த்து மூட்டை கட்டிவிட்டேன். உண்மையைச் சொன்னால் அது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது. ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நிற்க வேண்டாம், யாரோடும் மோத வேண்டாம், நல்லவன் என்ற பெயர் சும்மா வருகிறது. அறுபது வயதுக்கு மேல் அந்தப் பெயர் கிடைத்ததில் மயங்கிவிட்டேன்.

இதை இவ்வளவு நீட்டி எழுதுவது உனக்குப் பிரசங்கம் செய்ய அல்ல. நேற்று நூர்ஜஹானிடம் கஞ்சிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். போனவன் அரைமணி நேரம் நின்று, இந்த மலர் போய் உட்கார்ந்துவிட்டாள், மகளுக்குத்தான் அம்மா வேண்டும், புருஷன் என்ன ஆனால் என்ன, இன்னும் மூன்று மாதமாம் என்று புலம்பித் தீர்த்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மலர் அக்காகிட்ட சொன்னீங்களா அண்ணே?" என்றாள். இல்லை என்றேன். அதற்குமேல் நிற்க வெட்கமாக இருந்தது. லிஃப்டில் ஏறி வந்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். நூர்ஜஹானிடம் சொன்னேன், பாட்டுக் குழுவிடம் சொன்னேன், குளிர்பெட்டியைத் திறந்து அதற்குள்ளும் சொன்னேன். உன்னிடம் மட்டும் உன் இஷ்டம் என்றேன். அது பெருந்தன்மை என்று நினைத்தேன். நீ என்னவென்று நினைத்தாய்? இவருக்கு நான் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று நினைத்திருப்பாயோ என்று நேற்றிலிருந்து மனது அடித்துக்கொள்கிறது.

ஆகவே இப்போது முறையாகக் கேட்கிறேன். மலர், எனக்கு நீ வேண்டும். சமைக்க ஆள் இல்லாமல் கேட்கவில்லை, நான் சமாளித்துக்கொள்கிறேன், கருவாடு மட்டும்தான் கரிகிறது. காலையில் எழுந்ததும் குறை சொல்லக்கூட ஆள் இல்லாத வீட்டில் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. சபையில் நீ இரண்டாம் குரல் பாடும் இடம் வரும்போது நான் பாட்டை நிறுத்திவிடுகிறேன். இதை ஸ்பீக்கரில் மருமகன் முன்னால் எப்படிச் சொல்வது?

பெனிட்டாவுக்கும் நீ வேண்டும். அவள் பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் நீ இல்லாமல் முடியாது என்றால் அதையும் ஒளிக்காமல் சொல். நான் கிளம்பி அங்கே வருகிறேன். அந்த ஊர்க் குளிரையும் சப்பென்ற சாப்பாட்டையும் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது. குழந்தையின் துணியைத் துவைத்துக் காயப்போட என்னாலும் முடியும். அல்லது நீ இங்கே வந்துவிடு, குழந்தைக்கு அவர்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்ளட்டும். எது என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்யலாம். பேசி, மலர். அதற்கு ஒரு நாள் நீ ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, கைப்பேசியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுத் தோட்டத்துப் பக்கம் போய் என்னைக் கூப்பிடு. உன் முகத்தைக் காட்டு.

நல்லம்மாள் அக்கா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெனிட்டாவிடம் அப்பாவுக்கு அவள் மேல் ஒரு வருத்தமும் இல்லை என்று சொல். கர்த்தர் ஜோயலை ஆசீர்வதித்து, நல்ல மனமும், அதோடு நல்ல தொண்டையும் கொடுக்கட்டும். உன்னைப் போக்கிலும் வரத்திலும் அவர் காக்கட்டும்.

மாத முடிவில் நீ எந்தப் பதிலைச் சொன்னாலும் நான் ஏற்றுக்கொள்வேன். முறுமுறுத்துக்கொண்டாவது ஏற்றுக்கொள்வேன். அவர் கேட்கவே இல்லையே என்று நினைத்துக்கொண்டு மட்டும் பதில் சொல்லிவிடாதே. நான் கேட்டேன்.

உன்,
ஜெயராஜ்